பகலில் தூங்குகிறவர் காதுக்குப் பஞ்சு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பி, ராத்திரி முழுக்க வலை இழுத்து, மறுநாள் காலையில் கரை சேர்கிறார்கள். மீனை இறக்கிக் கணக்கு முடித்து அவர்கள் பாயில் சாயும் நேரத்தில் ஊரே விழித்திருக்கிறது. ஒரே கூடத்தில் டி.வி. ஓடும், மிக்சி அரைபடும், பிள்ளைகள் போனில் வீடியோ பார்ப்பார்கள், பக்கத்தில் ஐஸ் உடைக்கிற மெஷின் இரையும், கச்சான் காற்று வீசினால் தகரக் கூரை படபடக்கும். வெளியூரிலிருந்து வந்து ஒரு அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஒருவர் எழுந்து குளிக்கிற நேரத்தில்தான் இன்னொருவர் கண்ணை மூடுவார். தூக்கம் கெட்ட உடம்போடு அடுத்த நாள் படகேறுவது ஆபத்து. கயிறும் வலை இழுக்கிற வின்ச்சும் இஞ்சினும் உள்ள இடத்தில் ஒரு நொடி கண் அயர்ந்தாலும் விரல் போய்விடும்.

இவர்களில் பலர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டு, பலன் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். காதை அடைப்பது நல்ல யோசனைதான், ஆனால் பஞ்சு அதற்கான பொருள் அல்ல. பஞ்சுக்குள் காற்று போகும், காற்று போகிற வழியில் சத்தமும் போகும். உருண்டையை எவ்வளவு பெரிதாக்கினாலும், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் சில டெசிபலுக்கு மேல் குறையாது. அதோடு இழைகள் பிய்ந்து உள்ளே தங்கி, குறும்பியோடு கலந்து கட்டியாகிவிடும். கைக்குட்டைத் துணியும் டிஷ்யூ காகிதமும் அப்படியே.

தேவைப்படுவது இயர்பிளக், அதாவது காதுக்கென்றே செய்த அடைப்பான். மலிவானதும் அதிகம் தடுப்பதும் ஃபோம் வகை. விரலால் உருட்டிச் சுருக்கினால் மெல்ல விரிந்து காதுக் குழாயை நிரப்பிக்கொள்ளும். அடுக்கடுக்கான விளிம்பு உள்ள சிலிக்கான் வகையைக் கழுவிக் கழுவிப் பல மாதம் வைத்திருக்கலாம், ஆனால் ஒருக்களித்துப் படுத்தால் அதன் காம்பு குத்தும். மாவு போலப் பிசையும் சிலிக்கானை உள்ளே தள்ளக் கூடாது, காதின் வாயை மூடுகிற மாதிரி மேலே அப்ப வேண்டும். துண்டாகப் பிய்த்து உள்ளே திணிப்பவர்களுக்குப் பிறகு அதை வெளியே எடுக்க மருத்துவர்தான் கதி. முதலில் வாங்குகிறவர்களுக்கு ஃபோம் போதும் என்பது எங்கள் கருத்து.

இயர்பிளக் வரும் அட்டையில் என்.ஆர்.ஆர். என்று ஒரு எண் இருக்கும், எத்தனை டெசிபல் தடுக்கும் என்பதைக் காட்டும் எண் அது. ஃபோம் வகைக்கு அது பெரும்பாலும் 29 முதல் 33 வரை. அவ்வளவு டெசிபலும் குறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது ஆய்வகத்தில், பழகிய கையால் வைத்து அளந்த எண். ஃபோம் வகையில் அட்டை எண்ணில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1998-ல் சொன்ன வழிமுறை. 33 என்று போட்டிருந்தால் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குறைவு என்று தோன்றலாம், ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் காதுக்குப் பாதியாகக் கேட்கும். 60 டெசிபல் குறட்டை 44-க்கு இறங்கினால், களைத்த ஆள் தூங்கிவிடலாம். படுக்கையறைக்கு உலக சுகாதார நிறுவனம் 1999-ல் சொன்ன அளவு 30 டெசிபல். நம் கரையோர வீடுகளில் இயர்பிளக் மட்டும் போட்டு அதை எட்ட முடியாது. கூடவே மின்விசிறியை ஓடவிடுங்கள். தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் திடீரென்று எழும் சத்தம்தான். விசிறியின் ஒரே சீரான இரைச்சலில் அந்தத் திடீர்ச் சத்தங்கள் அமுங்கிப்போகும்.

இனி வைக்கிற முறை. பலன் இல்லை என்பவர்களில் பலர் தவறுவது இங்கேதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஈர விரலில் ஃபோம் சரியாகச் சுருளாது. மூன்று விரலால் மெல்ல உருட்டி, பீடி நுனி அளவுக்கு மெலிதாக, மடிப்பு விழாமல் சுருக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு வழியாகவே சத்தம் நுழையும். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, வலது காது மடலின் மேற்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக் குழாய் நேர்க்குழாய் அல்ல, வளைவு உள்ளது. இப்படி இழுத்தால்தான் நேராகும். இழுத்தபடியே ஃபோமை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 30, 40 நொடி அழுத்தாமல் தாங்கிப் பிடியுங்கள். விட்டுவிட்டால் விரியும்போது தானே வெளியே நழுவும்.

மே மாத வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூட்டில் இந்த ஃபோம் இளகி, சீக்கிரமே விரிந்துவிடும். உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால், காதுக்குப் போகுமுன் பழைய அளவுக்கு வந்துவிடும். உருட்டிய கையோடு வைத்துவிட வேண்டும்.

சரியாக வைத்தோமா என்று பார்க்க, இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுக்கமாக மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் இன்னும் நிறையக் குறைகிறது என்றால் இயர்பிளக் ஒழுங்காக உட்காரவில்லை என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். எதிரே நிற்பவர் பார்த்தும் சொல்லலாம். காதின் வாய்க்கு முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பு மேட்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போதிய ஆழம் போகவில்லை. உங்கள் குரல் தலைக்குள் முழங்குவது போலக் கேட்பது இயல்பு. அது சரியாக அடைபட்டதன் அடையாளம்தான், பயந்து எடுத்துவிடாதீர்கள்.

எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. உள்ளே காற்று புகாமல் அடைபட்டிருப்பதால் செவிப்பறை வெளிப்பக்கம் இழுபடும், வலிக்கும். திருகித் திருகிக் காற்றை உள்ளே விட்டு மெல்ல எடுக்க வேண்டும்.

பெண்கள் பலருக்கும் சிறிய காது உள்ளவர்களுக்கும் வழக்கமான அளவு பெரிது. ஒரு மணி நேரத்தில் வலி எடுத்தால் சிறிய அளவு கேட்டு வாங்குங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் வெளியே தெரியும் தட்டையான முனையில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் கத்தரித்துவிட்டால் தலையணை அழுத்தாது. விரலால் பிடித்து எடுக்க நுனி மிச்சம் இருக்க வேண்டும், உருண்டையான முனையில் கத்தரி படக் கூடாது.

சில சத்தங்களை இயர்பிளக்கால் முழுதும் நிறுத்த முடியாது. பேச்சு, டி.வி., பாத்திரச் சத்தம் நன்றாகக் குறையும். ஜெனரேட்டர், இஞ்சின், பெரிய ஸ்பீக்கரின் அடித்தொனி அவ்வளவாகக் குறையாது. தரை வழியாகவும் எலும்பு வழியாகவும் வரும் அதிர்வுக்குக் காதை அடைத்துப் பயனில்லை. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அடியில் தடித்த மெத்தை போடலாம். கட்டில் காலுக்கு அடியில் பழைய டயர் துண்டு வைத்தாலும் அதிர்வு குறையும்.

நம் கடற்கரைக்கென்றே உள்ள எச்சரிக்கை ஒன்று உண்டு. பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களும், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களும் காது ஈரமாக இருக்கும்போது இயர்பிளக் வைக்கக் கூடாது. ஈரம், வெப்பம், அடைப்பு மூன்றும் சேர்ந்தால் காதுக் குழாயில் பூஞ்சை வளரும். தாங்க முடியாத அரிப்பு, அடைத்தது போன்ற உணர்வு, உள்ளே பஞ்சு போன்ற வெள்ளையோ கரும்புள்ளிகளோ தெரிவது அதன் அறிகுறி. தலையை ஒரு பக்கம் சாய்த்து நீரை வடியவிடுங்கள், துணி நுனியால் வெளியே மட்டும் துடையுங்கள், சில மணி நேரம் காயட்டும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும், ஊக்கு, கொண்டை ஊசி, பட்ஸ் விடுவதும் இதை இன்னும் கெடுக்கும். முங்கும்போது எந்த அடைப்பானும் ஆகாது. ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் அதை உள்ளே தள்ளும், காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்யவும் முடியாமல் செவிப்பறை கிழியலாம்.

காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், சமீபத்தில் காது அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது. இயர்பிளக்கை எடுத்த பிறகும் காது மந்தமாகவே இருந்தால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்திருக்கலாம். தினமும் வைப்பவர்களுக்கு இது சகஜம், அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் எடுத்துவிடுவார்கள். பல வருடம் இஞ்சின் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காதில் இரைச்சல் இருக்கும். சுற்றிலும் நிசப்தமானால் அந்த இரைச்சல் பெரிதாகக் கேட்கும். அவர்களுக்குக் குறைவாகத் தடுக்கும் வகையும் விசிறிச் சத்தமும் பொருந்தும். அவர்கள் கடலில் இஞ்சின் பக்கம் நிற்கும்போது புதிய ஜோடி ஒன்றை வைத்துக்கொள்வது இன்னும் அவசியம். கெட்ட செவித்திறன் திரும்பி வராது.

ஃபோம் நெடுநாள் உழைக்கும் பொருள் அல்ல. உப்புக் காற்றிலும் வியர்வையிலும் சில நாளிலேயே பிசுபிசுக்கும், அழுக்கேறும், சுருக்கினால் விரியாது. அப்போது தூக்கிப்போட்டுவிடுங்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது. அறை நண்பர்கள் ஆளுக்கொரு டப்பா, துளை போட்டதாக, பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கிவிடும், கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

எழுப்பும் ஏற்பாடு இல்லாமல் இரண்டு காதையும் அடைத்துப் படுக்க வேண்டாம். போனை அதிர்வில் வைத்துத் தலையணை உறைக்குள் போடலாம், வீட்டாரிடம் நேரம் சொல்லித் தோளைத் தொட்டு எழுப்பச் சொல்லலாம். கைக்குழந்தை உள்ள தாய்மார் மேல்பக்கக் காதில் மட்டும் வைத்தால், தலையணையில் அழுந்தும் காது ஓரளவு அடைபட்டிருக்கும், அழுகையும் கேட்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலத்தில் இரவு எச்சரிக்கை மைக்கில்தான் தெருத்தெருவாக வரும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை இழந்த கரை இது. வீட்டில் ஒருவர் காதாவது திறந்திருக்க வேண்டும்.

சத்தம் போடுகிறவர்களுக்கு இந்தக் கடிதம் சலுகை அல்ல. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்காக அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. ஆனால் பகலில் தூங்குகிறவருக்கு இந்த இரவு விதி துணைக்கு வராது. அதனால்தான் அவருக்கு இயர்பிளக் வேண்டியிருக்கிறது.

தங்கச்சிமடம் முதல் தொண்டி வரை மீன் இறங்குதளங்களுக்குப் பக்கத்தில் உள்ள மெடிக்கல் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபோம் இயர்பிளக்கை வழக்கமான அளவிலும் சிறிய அளவிலும் வாங்கி வையுங்கள். கேட்டு வருகிறவரிடம் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆட்கள் கரையில் இருக்கும்போது, ஒரு செவிலியரை அழைத்து இதை வைக்கும் முறையை நேரில் காட்டச் சொன்னால் நல்லது. பத்து நிமிட வேலை.

இப்படிக்கு,
செவிநலப் பணியாளர்கள் இருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.