சும்மா இருக்கிறதுக்கும் பழகத்தான் வேணும்

பிள்ளைக்கு,

நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜ் கேட்டனான். மேல்வீட்டுக்காரன் நடக்கிற சத்தத்தில தியானம் குழம்புது, மூச்சில மனசு நிக்குதில்லை, எனக்கு உது சரிவராது அம்மா எண்டு அழாக்குறையாச் சொல்லுறாய். நீ இன்னும் மூச்சோடயே மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கிறாய் பிள்ளை, அவ்வளவுதான். போனில சொன்னா ஓம் ஓம் எண்டுபோட்டு வைச்சிடுவாய், அதுதான் ஒண்டையும் தெரிவுசெய்யாமல் வாறதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறதைப் பற்றி இருந்து எழுதுறன்.

மூச்சைப் பிடிக்கிறது கண்டுக்குட்டியைக் கட்டையில கட்டிறது மாதிரி. முதல் கட்டத்தான் வேணும். கொஞ்சம் அடங்கினாப் பேந்து அவிட்டுவிட்டிட்டு எங்க போகுது எண்டு பாத்துக்கொண்டிருக்கலாம். நீ செய்யிற எட்டுக்கிழமைத் தியானக் கோர்ஸ் ஜோன் கபட்-சின் எண்டவர் 1979இல அமெரிக்காவில மசசூசெட்ஸில தொடங்கினதெல்லோ, அதிலயும் மூச்சு, உடம்பு, சத்தம், யோசனை எண்டு பழக்கிப்போட்டுத்தான் பிறகு ஒண்டையும் தெரிவுசெய்யாமல் இருக்கச் சொல்லுறது. அந்தத் தெரிவில்லாத விழிப்பைப் பற்றிக் கனக்கக் கதைச்சவர் இந்தியாவில பிறந்த தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1980இல கொழும்பிலயும் வந்து பேசினவர். அவரிட்டக் கேட்டால் இதுக்கு ஒரு முறையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் எண்டிருப்பார். அதில எனக்கு உடன்பாடில்லை, எங்களைப் போல ஆக்களுக்குக் கொஞ்சநாள் கட்டை வேணும். எங்கட யாழ்ப்பாணத்துச் சித்தர், கொழும்புத்துறை யோகர் சுவாமியும் சும்மா இரு எண்டுதானே சொன்னவர், கேக்கச் சுகம், இருந்து பாத்தாத்தான் தெரியும்.

இப்ப நான் விடிய விறாந்தையில கதிரையைப் போட்டு இருக்கிறன் எண்டு வை. பக்கத்துவீட்டு மோட்டர் ஓடுது, முழங்கால் உளையுது, ஒழுங்கையால பாண் விக்கிற ஓட்டோ அந்தப் பீத்தோவன் பாட்டைப் போட்டுக்கொண்டு வருது. முதல் வெறும் சத்தம்தான். அடுத்த கணம் "ஐயோ, திருப்பியும் இந்தப் பாட்டு" எண்டு ஒரு எரிச்சல், நெஞ்சுக்குள்ள சின்னதா ஒரு இறுக்கம், அதுக்குப் பின்னால ரோஸ் பாண் வாங்குவமோ எண்டு ஒரு யோசனை, வாயில எச்சிலும் ஊறும். சத்தம் வேற எரிச்சல் வேற எண்டு அப்பத்தான் பிரிஞ்சு தெரியும். ஒண்டையும் துரத்திறதுமில்லை, ஒண்டுக்குப் பின்னால போறதுமில்லை, எது முன்னுக்கு வருதோ அது வந்திருக்கு எண்டு தெரிஞ்சாக் காணும். ஓட்டோ ஒழுங்கை திரும்பினோண்ண அதுவும் போயிடும், திரும்ப மோட்டர், திரும்ப முழங்கால்.

உன்ர மேல்வீட்டுக்காரனும் அப்பிடித்தான். அவன் நடந்தால் நடக்கிற சத்தம் கேக்குது, உனக்குக் கோவம் வந்தாக் கோவம் வந்திருக்கு. கோவப்படக்கூடாது எண்டு நீ நினைக்கிறாய் பார், அதுவும் ஒரு தெரிவுதான், அதையும் சேத்துப் பார்.

ஆனா ஒண்டு, எல்லாத்தையும் விட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் பகல்கனவு காணிற ஆக்கள்தான் கனபேர். கனவிலயும் மனசு அலையும், இதிலயும் அலையும், இதில அலையிறது உனக்குத் தெரிஞ்சுகொண்டிருக்கும். பத்து நிமிசம் போய் என்ன நடந்ததெண்டே தெரியாட்டி அது தியானமில்லை, அரை நித்திரை. அப்ப ரோசப்படாமல் மூச்சுக்கே திரும்பு, ஒரு கொஞ்சம் மூச்சைப் பாத்துப்போட்டுத் திரும்ப விடு. தொடக்கத்தில ரெண்டு மூண்டு நிமிசம் விட்டாலே போதும், ஒரேயடியா அரை மணித்தியாலம் இருக்கப்போய் வெறுத்துப்போகாத.

இன்னொண்டும் சொல்லோணும். மனசைத் திறந்து விட்டால் பழசெல்லாம் வரும், எங்கட சனத்துக்கு என்னென்ன வருமெண்டு உனக்குத் தெரியும்தானே, நீ சின்னப்பிள்ளையா இருந்தாலும் சண்டை நேரம் பங்கருக்குள்ள இருந்தனி. அப்பிடி ஏதும் வந்து நெஞ்சு படபடத்தாப் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு வீம்புக்கு இருக்காத. கண்ணைத் திற, காலை நிலத்தில ஊண்டு, எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வை. திருப்பித் திருப்பி வந்தால் உதுக்கெண்டு படிச்ச ஒருத்தரிட்டப் போ, வெக்கப்படாத. இஞ்ச சாமமெண்டு பாக்காமல் எனக்கும் எடு, போன் தலைமாட்டிலதான் கிடக்கும்.

அம்மா