அயர்லாந்து மூதாதையரும் புல எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வரலாறு தேடுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அயர்லாந்துக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் நிலம், வீடுகளுக்கு எடுத்த வரிப் பதிவேடான கிரிஃபித் மதிப்பீடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, குடும்பப் பெயரைத் தட்டினால் மூதாதையர் வந்துவிடுவார் என்ற அளவில் அது முடிந்துவிட்டது. இலவசம் என்பது சரி. தட்டினால் யாரோ ஒருவர் வருவார் என்பதும் சரி. அவர் நம் ஆள்தானா என்ற இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மற்ற ஆவணங்கள் அழிந்ததால்தான் இந்தப் பதிவேட்டுக்கு இத்தனை மதிப்பு. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயிற்று. 1861 முதல் 1891 வரையான நான்கு கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்களை அரசே அழித்துவிட்டது. நாடு முழுவதற்கும் மிஞ்சிய முதல் கணக்கெடுப்பு 1901-இல் எடுத்தது. அந்த இடைவெளியை நிரப்ப உதவுவது, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் எடுக்கப்பட்டு 1847 முதல் 1864 வரை பகுதி பகுதியாக அச்சான இந்த வரி மதிப்பீடு.

வரிக்காக எழுதியது என்பதை மறக்கக் கூடாது. மனைவி, பிள்ளைகள், வயது எதுவும் இதில் இல்லை. பட்டா போல உரிமையைச் சொல்லும் ஏடும் அல்ல இது. நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்று காட்டும் அடங்கலுக்கு நெருக்கமானது. அனுபவித்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே அவருக்குக் குத்தகைக்கு விட்டவரின் பெயர் இருக்கும். அவரும் இன்னொருவரிடம் குத்தகைக்கு எடுத்த இடைத்தரகராக இருக்கலாம் என்பதால் அவரை ஜமீன்தார் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கட்டத்தில் 'இன் ஃபீ' என்று இருந்தால் அனுபவித்தவரே உரிமையாளர். பெயருக்கு முன் 'ரெப்ஸ்' என்று இருந்தால் அந்த நபர் இறந்துவிட்டார், வாரிசுகள் கையில் இருக்கிறது என்று பொருள். இறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது என்பதால், இந்த ஒரு சொல் பல குடும்பங்களுக்குப் பெரிய துப்பு.

தேடலை இடத்திலிருந்து தொடங்குங்கள். நாட்டில் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு. பெயரில் டவுன் இருந்தாலும் ஊரோடு இதற்குத் தொடர்பில்லை. நிலப்பிரிவின் கடைசி அலகு, அவ்வளவே. ஒரே பெயரில் பல இருக்கும். கில்மோர் என்று மட்டும் குறித்து வைத்துக்கொண்டு தேடினால் எந்தக் கவுன்டி (மாவட்டம்) என்றே தெரியாமல் அலைய வேண்டியதுதான். டவுன்லேண்ட், சிவில் பாரிஷ் (அரசு நிர்வாகத்துக்கான பாரிஷ்), பேரனி (கவுன்டியின் உட்பிரிவு), ஏழைகள் சட்ட யூனியன் (ஏழைகள் நிவாரணத்துக்கான வட்டாரம்), கவுன்டி ஆகிய ஐந்தையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே சிவில் பாரிஷ் இரண்டு பேரனிகளில் பிரிந்து கிடந்தால் அதன் பக்கங்களும் வெவ்வேறு இடங்களில் அச்சாகியிருக்கும். பாதியைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று மூடிவிடுவோர் நிறையப் பேர். கத்தோலிக்க பாரிஷின் எல்லை வேறு, சிவில் பாரிஷின் எல்லை வேறு என்பதையும் ஞானஸ்நான ஏட்டோடு ஒப்பிடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

மதிப்பீட்டை இலவசமாகத் தரும் ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் இடப்பெயரைக் கொண்டு தேடினால் அந்த டவுன்லேண்டில் இருந்த அனைவரின் பெயரும் வரும். பெயர்ப் பட்டியலோடு நிற்காமல் அச்சுப் பக்கத்தின் படத்தைத் திறந்தே ஆக வேண்டும். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருக்கலாம். 'ஓ', 'மக்' போன்ற முன்னொட்டுகள் அந்தக் காலத்தில் இருந்தும் இல்லாமலும் எழுதப்பட்டன. ஓசல்லிவன் குடும்பம் சல்லிவன் என்ற பெயரில் கிடைக்கும்.

அச்சுப் பக்கத்தில் முதல் கட்டத்தில் உள்ள புல எண்தான் முக்கியம். வரைபடத்தில் அந்த நிலத்தைக் காட்டும் எண் அது. 7 என்ற எண்ணும், அதை அடுத்துப் பெரிய ஏ, பெரிய பி என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால், ஒரே ஆளின் நிலம் இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சிறிய எழுத்து வீட்டைக் குறிக்கும். 7-இன் கீழ்ச் சிறிய ஏ, பி, சி என்று மூன்று பெயர்கள் வந்தால் நிலம் வைத்திருந்தவர் வீட்டோடு கூலியாட்களின் குடிசைகளும் அந்தத் துண்டில் இருந்தன என்று கொள்ளலாம். பல பெயர்களை ஓர் அடைப்புக்கோடு கட்டிப்போட்டு ஒரே பரப்பளவு தந்திருந்தால் அது கூட்டு அனுபவம். மேயோ, கால்வே, டோனிகால் பக்கங்களில் இது அடிக்கடி வரும். அப்படிச் சேர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் உறவினர்கள் என்பதால் எல்லாப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

'ஹவுஸ், ஆபிசஸ் அண்டு லேண்ட்' என்ற விவரத்தைப் பார்த்து, கொள்ளுத்தாத்தா அலுவலகம் நடத்தினார் என்று பூரித்துப் போகிறவர்கள் உண்டு. அந்த ஆபிஸ் மாட்டுத்தொழுவமோ வைக்கோல் கொட்டகையோதான்.

ஜான் மர்ஃபி என்ற பெயருக்குப் பின் அடைப்புக்குள் 'பாட்' என்று இருந்தால் அது பெரும்பாலும் தந்தை பெயர். ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான் மர்ஃபிகள் இருந்தால்தான் அப்படிப் போடுவார்கள். தலைமுடி நிறத்தையோ தொழிலையோ போட்ட இடங்களும் உண்டு. பக்கத்து டவுன்லேண்டில் அதே பெயர் வந்தால் கடைசிக் கட்டங்களைப் பாருங்கள். ஓரிடத்தில் கட்டட மதிப்பு 5 ஷில்லிங் என்றும், மற்றதில் நிலத்துக்கு மட்டும் மதிப்பு என்றும் இருந்தால், இரண்டும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புண்டு. குடியிருந்தது வீடு உள்ள இடத்தில்.

பரப்பளவு ஏக்கர், ரூட், பெர்ச் என்று வரும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். 1823 முதல் 1837 வரையான டைத் (தேவாலய வரி) ஏடுகளோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். அங்கே பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர், அது 1.62 சட்ட ஏக்கருக்குச் சமம். டைத் ஏட்டில் 10 ஏக்கர், மதிப்பீட்டில் 16 ஏக்கர் என்றால் குடும்பம் நிலம் வாங்கிச் சேர்த்தது என்று கதை கட்ட வேண்டாம். நிலம் அதேதான், அளவுகோல்தான் மாறியது.

பெயரே கிடைக்கவில்லை என்றால் காலத்தைப் பாருங்கள். கெர்ரி 1850-களின் தொடக்கத்தில் அச்சானது, அர்மா 1864-இல். 1847 பஞ்சத்தில் கப்பலேறியவர் பல கவுன்டிகளின் அச்சுப் பிரதியில் இருக்கவே மாட்டார். அவருக்காகப் பார்க்க வேண்டியது அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்துள்ள 1824 முதல் 1856 வரை மதிப்பீட்டாளர்கள் கையால் எழுதிய வீட்டு ஏடு, வயல் ஏடு, குத்தகை ஏடு ஆகியவை. வீட்டு ஏட்டில் கட்டடத்தின் நீளம், அகலம், உயரம் அடிக்கணக்கில் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் 3 பவுண்டுக்கும், 1838-க்குப் பிறகு 5 பவுண்டுக்கும் குறைவான மதிப்புள்ள வீடுகளைச் சேர்க்கவில்லை. ஏழைக் குடிசை அந்தக் கால ஏட்டில் இல்லாதது வியப்பில்லை.

வரைபடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. இலவசத் தளத்தில் இணைத்துள்ள வரைபடங்கள் பல, அச்சுக்குப் பின் திருத்தியவை. அவற்றில் 7 என்ற எண், அச்சுப் பக்கத்து 7 ஆக இல்லாமல் போகலாம். அக்கம்பக்கத்து எண்களும் பரப்பும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 1901 கணக்கெடுப்பின் வீட்டு எண்ணுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அச்சுப் பிரதியையும் 1901-ஐயும் இணைப்பவை, அச்சுக்குப் பின் வந்த மாற்றங்களைக் குறித்த திருத்த ஏடுகள். அதே புல எண்ணில் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயர் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு சுற்றுத் திருத்தத்துக்கும் ஒரு மை நிறம். அதே நிறத்தில் ஓரத்தில் ஆண்டு இருக்கும். பாட்ரிக் போய் மேரி வந்தால் அவர் விதவையாக இருக்கலாம் என்று எண்ணி இறப்புப் பதிவைத் தேடலாம். திருத்தம் நடப்புக்கு ஓரிரு ஆண்டு பின்தங்கும் என்பதால் அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் தேடுங்கள். எல்.ஏ.பி. என்ற முத்திரை, நிலச் சட்டத்தின் கீழ் குத்தகைதாரரே நிலத்தை வாங்கியதற்கு அடையாளம்.

வட அயர்லாந்தின் 6 கவுன்டிகளுக்கு 1864 முதல் 1933 வரையான இந்த ஏடுகளை பெல்ஃபாஸ்டில் உள்ள பொது ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மற்ற 26 கவுன்டிகளின் ஏடுகள் டப்ளினில் உள்ளன. அவற்றை வைத்திருந்த மதிப்பீட்டு அலுவலகம் 2023 மார்ச்சில் நிலப் பதிவு, நில அளவைத் துறைகளோடு ஒரே அமைப்பாக இணைந்துவிட்டது. பழைய பெயரில் முகவரி தேடிக் குழம்ப வேண்டாம். பிரதி கேட்டு எழுதும்போது டவுன்லேண்ட், புல எண் இரண்டையும் குறிப்பிட்டு, வண்ணப் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் அடித்தல் தெரியும், எந்த ஆண்டில் அடித்தார்கள் என்பது தெரியாது.

இப்படிக்கு,
ஆவணத் தேடலில் ஈடுபாடுள்ள வாசகர்