தரங்கம்பாடிக்கு இரண்டு மணி நேரம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், தரங்கம்பாடியில் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் காற்று வாங்கிக் கிளம்ப ‘இரண்டு மணி நேரம் போதும்’ என்று போட்டிருக்கிறீர்கள். நாற்பது வருடமாக அந்த ஊரைப் பார்க்க ஏங்கிக்கொண்டிருப்பவன் நான். அந்த வரிக்கு மேல் படிக்க மனம் வராமல் மூடி வைத்துவிட்டு, மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

1620இல் டேனியர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கோட்டை கட்டியது இருக்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றதும் இருக்கிறது. நடுவே 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு எங்கே? அவருடைய அச்சுக்கூடம் எங்கே? தங்களுக்குத் தெரியாததா? ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்சு எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தை உருக்கி வார்த்ததாக எங்கள் அச்சகத்துப் பெரியவர் சொல்வார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அங்கே தமிழில் அச்சாகிவிட்டது. காகிதத் தட்டுப்பாடு தீரப் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். இதில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை. கடல் தின்றது போக நின்ற மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. அதற்கும் படத்துக்குக் கீழே ‘கடலோரக் கோயில்’ என்று இரண்டு சொல்தான்.

நான் திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருடம் அச்சு எழுத்துகளைக் கையால் கோக்கும் கம்போசிட்டராக இருந்தவன். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் கோத்தே கால் வீங்கியது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’ எல்லாம், கோக்கும் எழுத்தை வைக்கும் கேஸிலிருந்து டப்பாவுக்குப் போயின. ஆஃப்செட் வந்த பிறகு மொத்த எழுத்தையும் முதலாளி எடைக்குப் போட்டார். சாக்கில் அள்ளும்போது ஒரு பழைய ‘லை’யை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நகத்தளவுதான். தண்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும்; அதைக் கட்டைவிரலால் தடவியே எழுத்து நேரா தலைகீழா என்று கண்டுகொள்வோம். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ‘லை’யை எடுத்துக்கொண்டு போய், தமிழ் எழுத்து வார்த்த அந்த ஊரில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

1985இல் மனைவியோடு கிளம்ப இருந்தேன். மயிலாடுதுறையில் இறங்கி தரங்கம்பாடி ரயில் ஏறுவதாகத் திட்டம். பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. அடுத்த வருடம் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 1926இலிருந்து அறுபது வருடம் ஓடிய ரயில்! அதைத் திரும்ப விடச் சொல்லித் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தாங்கள் அதைப் போடவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மனைவியும் இப்போது இல்லை.

சரி, நான் கேட்பது சின்ன உதவி. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்து நேரம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை, அச்சுக்கூடம் இருந்த இடம் எந்தத் தெரு – இவற்றை அடுத்த இதழில் ஒரு மூலையில் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது. தை பிறந்ததும் கிளம்புகிறோம். பையனை இரண்டு நாள் லீவு போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கம்போசிட்டர் ஒருவர்,
திண்டுக்கல்.