கேண்டில் வாங்கிவிட்டேன், ஆனால் அனுப்பவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தண்ணீர் ஃபில்டர் பானைக்குள் மாட்ட நீ கேட்ட இரண்டு பீங்கான் கேண்டிலும் கிடைத்துவிட்டன. இதோ, மேசைமேல்தான் இருக்கின்றன. ஆனால் உனக்கு அனுப்பப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் பேச்சு பாதியில் நின்றுவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேத்தி தூங்கும் நேரம் பார்த்துப் படி.

ஃபில்டர் மெதுவாகச் சொட்டுகிறது, லண்டனில் விற்பது நம் பானைக்குப் பொருந்துமா தெரியவில்லை, சிங்கப்பூர்த் தேக்காவில் பழைய மாதிரியே இரண்டு வாங்கி அனுப்புங்கள், கிடைக்காவிட்டால் பானையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபில்டர் ஜக் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். பானையைப் போடுவது என்றதும் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. உன் பாட்டி 1979இல் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, நாகப்பட்டினத்திலிருந்து 'சிதம்பரம்' என்ற கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் பானை அது. நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் பாட்டி கேட்டதில்லை. 1963இல் பத்து மாதம் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது வாளி வாளியாகப் பிடித்து வைத்துப் பிழைத்தவர். தண்ணீர் என்றால் மூடி போட்ட பாத்திரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தேடிய கதையைச் சொல்கிறேன். சிராங்கூன் சாலையில் முதல் இரண்டு பாத்திரக் கடையிலும் "இப்பல்லாம் மெஷின்தான் அங்கிள்" என்று சொல்லிவிட்டார்கள். ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் மட்டும் சரியான கேள்வி கேட்டார்: கேண்டில் மாட்டும் பானைத் துளை எத்தனை மில்லிமீட்டர்? பானைதான் உன்னிடம் இருக்கிறதே! வீட்டுக்கு வந்து டூல்பாக்ஸைக் கொட்டினேன். நான் எறியாமல் வைத்திருந்த பழைய கேண்டில் ஒன்று துணியில் சுற்றியபடி கிடந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். துளைக்குள் போகும் தண்டு 12 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் மறுபடி தேக்கா. ஒரு சந்துக் கடையில், தூசி படிந்த பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு இருந்தன. ஒன்றின் விலை பன்னிரண்டு வெள்ளி. தண்டும் உயரமும் கச்சிதம்.

எம்ஆர்டி ரயிலில் வரும்போதுதான் பெட்டியில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தேன். பொருந்துமா என்று மூன்று நாள் அலைந்தேனே தவிர, எதைத் தடுக்கும் என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அங்கேதான் மனசு நின்றது.

இந்த மாதிரிக் கேண்டில் பிறந்ததே கிருமிக்காக. 1884இல் பாஸ்டரின் ஆய்வகத்தில் சேம்பர்லாண்ட் என்பவர் மெருகு பூசாத பீங்கானில் செய்த வடிகட்டியும் அதற்குத்தான். 1892இல் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்து, காலராவில் எட்டாயிரம் பேருக்குமேல் செத்தார்கள். அந்தக் காலத்துப் பயம் அது. பீங்கான் சுவரில் இருக்கும் துளைகள் ஒரு மைக்ரானைவிடச் சின்னவை, பாக்டீரியா அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் கரைந்து வருவதை வெறும் பீங்கான் பிடிக்காது. உப்பு போட்டுக் கலக்கி ஊற்றினால் கீழே உப்புத் தண்ணீர்தான் விழும்.

உன் லண்டன் தண்ணீரில் கிருமியைக் கொன்றுதான் அனுப்புகிறார்கள். அங்கே நீ பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று சுண்ணாம்பு. கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது என்றாயே, அதுதான் கேண்டிலின் துளைகளையும் அடைக்கிறது. நம் ஊர்த் தண்ணீரில் அவ்வளவு கடினம் இல்லாததால் நாங்கள் மாதம் ஒருமுறை தேய்த்தாலே போதுமாக இருந்தது. நீ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கலாம். கேண்டிலும் சீக்கிரம் தேயும். அதனால் உடம்புக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, வேலைதான் கூடுதல்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. காரீயம். பாட்டி ஈயச் சொம்பில் ரசம் வைப்பாரே, அந்த ஈயம் வெள்ளீயம், அதைப் பற்றிப் பேசவில்லை. இது பழைய குழாயில் இருக்கும் காரீயம். இங்கிலாந்தில் 1970க்கு முன் கட்டிய வீடுகளில் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய் காரீயமாக இருக்கலாம். நீங்கள் இருப்பது நூறு வருஷம் தாண்டிய வீடு என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். அங்கே குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குமேல் காரீயம் இருக்கக் கூடாது என்று சட்டம். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு நல்லபடியாகக் கிளம்பும் தண்ணீர், இரவு முழுக்க அந்தக் குழாய்க்குள் நின்றால் காரீயத்தைக் கரைத்துக்கொண்டு வரும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பேத்திக்கு அடுத்த மாதம் ஆறு மாதம் நிறைகிறது, கூழோடு இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பிப்பாய். அதற்குள் இது தெரிந்தாக வேண்டும்.

கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று அம்மா கேட்டாள். போகாது. தண்ணீர் ஆவியாகும், காரீயம் தங்கிவிடும். கிருமிக்காகக் கொதிக்க வைப்பது வேறு விஷயம். பால்மாவு கலக்குவதாக இருந்தால், வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்தே கலக்கு.

முதலில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் குழாயைப் பார். மங்கிய சாம்பல் நிறத்தில், மெத்தென்று இருந்தால் ஒரு நாணயத்தால் லேசாகச் சுரண்டு. வெள்ளி மாதிரி பளபளத்தால் அது காரீயம். செம்பு என்றால் நிறமே சொல்லிவிடும். சுரண்டிய பிறகு கையைக் கழுவு. தண்ணீர் விநியோகிக்கும் நிறுவனத்துக்கும் போன் செய், குழந்தை இருக்கிறது என்று சொல்லிக் காரீயப் பரிசோதனை கேள். வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்காதே. வாடகை கொடுக்கிறாய், கேட்க உரிமை உண்டு.

முடிவு தெரியும்வரை காலையில் குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடி. ஓடவிடும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கோ தரை துடைக்கவோ வைத்துக்கொள், பாட்டி இருந்தால் அதைத்தான் செய்வார்.

இனி கேண்டில். காரீயத்தைப் பிடிக்கும் பொருளை உள்ளே சேர்த்தே செய்கிற கேண்டில்கள் இருக்கின்றன. நம் பானை மாதிரி மேலிருந்து சொட்டும் ஃபில்டருக்கான நல்ல பீங்கான் கேண்டிலை இங்கிலாந்திலேயே, ஸ்டாஃபர்ட்ஷயரில், தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். அதை விட்டுவிட்டு நான் தேக்காவிலிருந்து அனுப்புவது என்ன நியாயம்! வாங்கும்போது ஒன்றைக் கவனி. ஃபில்டர்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு என்எஸ்எஃப். பெட்டியில் என்எஸ்எஃப் 42 என்ற தர எண் போட்டிருந்தால் அது ருசிக்கும் குளோரின் வாடைக்கும்தான். காரீயம் 53இல் வரும். 53 என்று மட்டும் இருந்தாலும் போதாது, ஏனென்றால் அதற்குள் பல பொருள்களுக்குத் தனித்தனியாகச் சான்று கொடுப்பார்கள். காரீயம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். "53 தரத்துக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டது" என்பது கம்பெனிக்காரர் தாமே சொல்லிக்கொள்வது, சான்று பெற்றது என்பது வேறு. என்எஸ்எஃப் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எத்தனை லிட்டருக்கு என்பதையும் பார், அதற்குமேல் ஒரு நாளும் ஓட்டாதே.

அளவுக்கு, பானையின் துளை விட்டம், துளையிலிருந்து மூடிவரை உயரம், இரண்டு துளைகளுக்கும் நடுவே இடைவெளி ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொள். எல்லாப் பானைக்கும் பொருந்தும் என்று போட்டிருப்பதை நம்பாதே. மூன்றும் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனியும் நம் பானையில் உட்காரும்.

பொருத்தும்போது ரப்பர் வாஷர் பானைக்கு உள்ளே, கேண்டிலுக்கு அடியில். கீழேயிருந்து நட்டைக் கையால் மட்டும் முடுக்கு. குறடு வைத்தால் பிளாஸ்டிக் தண்டு உடைந்துவிடும். பிறகு மேல் பானையில் கேண்டிலின் அடி பிளாஸ்டிக் மட்டும் நனையும்படி கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பார். கீழே ஒரு சொட்டு விழுந்தாலும் வாஷர் ஒழுகுகிறது, அது வடிகட்டாத தண்ணீர். கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வால்வு மாட்டியவன் சொல்கிறேன், ஒழுகல் எப்போதும் வாஷரில்தான்.

இன்னொன்று, இதை உன்னிடம் சொன்னதே இல்லை. நீ பாலிடெக்னிக்கில் இருந்தபோது ஒருநாள் ஃபில்டர் திடீரென்று வேகமாக ஓட ஆரம்பித்தது. தேய்த்தது நன்றாக வேலை செய்கிறது என்று நானும் அம்மாவும் சந்தோஷப்பட்டோம். ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் வந்து, கேண்டிலை ஊறவைத்துத் தண்ணீருக்குள் பிடித்து, தண்டில் டியூப் மாட்டிக் காற்றை மெதுவாக அடித்தேன். நனைந்த பீங்கானில் காற்று சுலபமாக வராது. ஒரு பக்கத்தில் மட்டும் சரம்சரமாகக் குமிழி. மயிரிழை விரிசல். ஒரு மாதம் முழுக்க நீ குடித்தது வடிகட்டாத தண்ணீர். நம் ஊர்த் தண்ணீராக இருந்ததால் பிழைத்தோம். மெதுவாகச் சொட்டுவது அடைப்பு, தேய்த்தால் சரியாகும். சட்டென்று வேகமாக ஓடினால் அன்றே கழற்றிவிடு.

கிருமியைக் கொல்லும் குளோரினைக் கேண்டிலுக்குள் இருக்கும் கரி எடுத்துவிடுவதால் கீழ்ப்பானைத் தண்ணீருக்குக் காவல் கிடையாது. வாரம் ஒருமுறை கீழ்ப்பானையையும் அதன் குழாயையும் கழுவு. ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய தண்ணீரைக் கொட்டிவிடு. சோப்பு கேண்டிலில் படக் கூடாது.

அடுத்த வாரம் நம் பிளாக்கில் மேல்மாடி அக்காவின் மகன் லண்டன் வருகிறார். அவரிடம் சிலிகான் வாஷர் ஆறு, நட்டு நான்கு, பானைக் குழாய்க்கு ஒரு மாற்று, என்னுடைய சின்ன வெர்னியர் கொடுத்து அனுப்புகிறேன். அம்மா இட்லிப் பொடியும் வைத்திருக்கிறாள். மேசைமேல் இருக்கும் இரண்டு கேண்டிலும் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் டிசம்பரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

குழாயைச் சுரண்டிப் பார்த்துப் படம் அனுப்பு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா