மூலைக்கடை

அன்புள்ள மணி,

உன் கடிதம் சித்திரையில் வந்தது. ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டிவிட்டு மேலே படி. முழங்கால் பரவாயில்லை, சர்க்கரையைப் பற்றிக் கேட்காதே.

உன் கடையில் நின்று சாப்பிட உன் அப்பா போட்ட கடப்பாக்கல் மேடையை இடித்துவிட்டு, கடை முழுக்க ஏசி, சோபா போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்லத் தெரியாமல்தான் இத்தனை மாதம் பேனாவை எடுக்கவில்லை. இப்போது சொல்லத் தெரியும். அதற்கு ஸ்பெயின் வரை போக வேண்டியிருந்தது, சிரிக்காதே.

மகளுக்கு செவில் நகரத்தில் ஆபீஸ் வேலை, எனக்கு ஊர் சுற்றுகிற வேலை. முதல் நாள் ஆறரை மணிக்கே பசி தாங்காமல் ஒரு கடையில் மேசை பார்த்து உட்கார்ந்து இரவுச் சாப்பாடு கேட்டேன். பரிமாறுகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் இலை போடுவார்கள் போல. "சின்னச் சின்னத் தட்டில் பண்டம் தருகிற தாப்பாஸ் கடைக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிடுங்கப்பா" என்றாள் மகள்.

மறுநாள் எல் ரின்கோன்சியோ என்ற கடைக்குப் போனேன். 1670-இல் தொடங்கியது. வெள்ளைக்காரன் சென்னையில் நிலம் வாங்கி முப்பத்தொரு வருஷம்தான் ஆகியிருந்த காலம். பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? சின்ன மூலை. மூலைக்கடையேதான்! உன் கடையை நாம் எப்படிச் சொல்வோமோ அப்படியே.

உள்ளே கூரை முட்டப் பாட்டில் அலமாரி. தலைக்கு மேலே வரிசையாகப் பன்றித்தொடை, ஒவ்வொன்றின் அடியிலும் கொழுப்புச் சொட்டைப் பிடிக்கக் குட்டிக் கிண்ணம். நீயாக இருந்தால் வாசலோடு திரும்பியிருப்பாய். நான் கீரை கேட்டேன். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும், பூண்டு தட்டிப் போட்டு, வறுத்த ரொட்டியை அரைத்துவிட்டுக் கெட்டியாக்கியது. வாயில் வைத்தால் ஜீரக வாசனை! அத்தை வீட்டுக் கூட்டை யாரோ கடல் கடத்திக் கொண்டுபோனது மாதிரி இருந்தது. கூடவே மன்சனீயா என்ற வெளிறிய ஒயின், ஜில்லென்று, லேசாக உப்புக் கரிக்கிறது. ஒரே ஒரு கிளாஸ். உன் வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிடாதே, அங்கிருந்து என் வீட்டுக்கு வந்துவிடும்.

தாப்பா என்றால் மூடி. கிளாஸில் ஈ விழாமல் ஒரு துண்டு ரொட்டியோ கறியோ வைத்து மூடிக் கொடுத்ததில் வந்த பெயர் என்கிறார்கள். இதற்கு ஆளுக்கொரு ராஜா கதை வேறு, நம் ஊர்த் தலபுராணம் போல.

ஆனால் நான் சொல்ல வந்தது கீரையும் இல்லை, ராஜாவும் இல்லை. கணக்கு. ஒவ்வொன்று கேட்கும்போதும் கடைக்காரர் காதிடுக்கிலிருந்தோ எங்கிருந்தோ ஒரு சாக்பீஸை எடுத்து, என் முழங்கைக்குப் பக்கத்திலேயே, மர மேடைமேல் விலையை எழுதினார். பக்கத்தில் நின்றவருக்கு அவர் முன்னால் அவர் கணக்கு. கடைசியில் கூட்டிக் கோடு போட்டு, காசை வாங்கிக்கொண்டு, ஈரத்துணியால் ஒரே இழுப்பு. அவ்வளவுதான், நான் அங்கே நின்றதற்கு அடையாளமே இல்லை. அந்த மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மணி. வடக்கே சான் செபாஸ்தியான் பக்கம் தின்ற பண்டத்தில் குத்தியிருந்த குச்சியை எண்ணித்தான் காசு வாங்குவது பழைய வழக்கமாம். எத்தனை குச்சி என்று சொல்வது உன் நாணயம்.

உன் அப்பா கல்லாவில் நிமிராமல் "என்ன சாப்பிட்ட?" என்று கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? ரெண்டு போண்டா தின்றுவிட்டு ஒன்று என்று சொன்னவன் யார் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. நான்கு வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "அந்த இன்னொரு போண்டா?" என்றார்.

சோபாவில் உட்கார்ந்தவன் பக்கத்து சோபாக்காரனோடு பேச மாட்டான். மேடையில் டம்ளரை வைத்துவிட்டு நிற்கிறவன் பேசாமல் இருக்க முடியாது, இடம் அப்படி. ஏசி போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் பையன் சொல்கிற மாதிரி போனில் காசு வாங்கு. தரையை மாற்று, விளக்கை மாற்று. அந்தக் கல்லை மட்டும் விடு.

கொத்தனார் கார்த்திகையில் வருகிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் ஒரு நாள் வருகிறேன். ஒரு போண்டா பாக்கி இருக்கிறது.

உன்,
கோபு