கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் எழுதும் நன்றி

எங்கள் சந்துக்காரர்களுக்கும், வாடிக்கைக்காரர்களுக்கும், ஐந்து வாரமாகச் சாத்திக் கிடந்த ஷட்டரைத் தாண்டும்போதெல்லாம் "அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?" என்று பக்கத்துக் கடைகளில் விசாரித்தவர்களுக்கும் வணக்கம்.

நேற்றுக் காலை நம் நாட்டு மருந்துக் கடை திறந்தாயிற்று. ஷட்டரைத் தூக்கியது நானில்லை. கண்புரை ஆபரேசன் ஆனதால் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடியோடு தெருவில் நின்றுகொண்டு, என் கடையை இன்னொருவர் திறப்பதைப் பார்த்தேன். 43 வருடத்தில் முதல் தடவை. சாமி படத்துக்குச் சூடம் காட்டும்போது கை நடுங்கியது. வயசு மட்டும் காரணம் இல்லை.

ஓமப் பொட்டலச் சங்கதி உங்கள் எல்லாருக்கும் தெரியும். வெள்ளையடிக்கக் கழற்றிய இழுப்பறைகளை இடம் மாற்றி மாட்டியது, ஓமம் இருந்த இடத்தில் விஷச் சரக்கான குரோசாணி ஓமம் போய் உட்கார்ந்தது, குழந்தைக்கு ஓமம் கேட்டவரிடம் அதை நான் பொட்டலம் கட்டிக் கொடுத்தது, எல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது. அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். அவரைப் பற்றி நான் நல்லபடியாகப் பேசி நீங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கடைப்படியில் இடது பக்கம் கூடை வைத்திருக்கும் பூக்காரம்மாதான் அது. அவருக்கும் எனக்கும் பல வருடச் சண்டை. விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் வந்து, ஏழு மணிக்கெல்லாம் என் படியில் கூடையை இறக்கிவிடுவார். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார். படி ஈரமாகும். அந்த ஈரக்காலோடு ஆட்கள் உள்ளே வருவார்கள். மருந்துச் சாமானுக்கு ஈரம்தான் முதல் எதிரி. கடுக்காய் தாங்கும், நன்னாரியும் அமுக்கராவும் பூஞ்சை பிடித்துவிடும். இதைச் சொல்லி நான் கத்துவேன். "படி கார்ப்பரேசனுதா, ஒங்களுதா?" என்று அவர் கேட்பார். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

போன தை மாசம் வாக்கில்தான் சீட்டு வாசிப்பது எனக்குச் சுத்தமாக முடியாமல் போனது. எங்கள் கடையில் 144 இழுப்பறை, 12 வரிசை. அவற்றுக்குக் கண் தேவைப்படவில்லை. கை தானாகப் போகும். இடுப்பு உயரத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி. தலைக்கு மேலே வசம்பு, மாசிக்காய். தொந்தரவெல்லாம் சீட்டுதான். பிரசவ மருந்துச் சாமானுக்கு மாமியார் பென்சிலால் எழுதிக் கொடுத்ததை நாலாக மடித்து, வியர்வையில் ஊறிய நிலையில் நீட்டுவார்கள். எனக்கு அது வெறும் பழுப்புத் தாள். "கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்துட்டேன், நீங்களே வாசிங்க" என்பேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும். போட்டாலும் பிரயோசனமில்லை.

அப்புறம் ஒரு விஷயம் நடந்தது. ஆட்கள் சீட்டை நீட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். உள்ளே வரும்போதே வாசித்துக்கொண்டே வந்தார்கள். "அண்ணாச்சி, சித்தரத்தை ஒரு பலம், அதிமதுரம் ஒரு பலம், கண்டதிப்பிலி அஞ்சு ரூபாய்க்கு..." முன்பின் தெரியாதவர்கள்கூட அப்படியே. மொத்தமாக லேகியச் சாமான் வாங்க வரும் சமையல் மாஸ்டர், வாழ்நாளில் சீட்டைக் கையால் கொடுக்காமல் மேஜைமேல் எறிகிற ஆள், அவரும் நின்று நிதானமாக ஒவ்வொன்றாக வாசித்தார். காலம் மாறிவிட்டது, போனில் எழுதி வருவதால் போனைக் கொடுக்க மனசில்லாமல் வாசிக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை என்கிற நிம்மதி.

ஓமச் சம்பவத்துக்குப் பிறகு, ஆபரேசனுக்கு முந்தின நாள் சாயங்காலம், வெற்றிலைக்கடைத் தம்பி என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக்கா நாலு மாசமா ஒவ்வொருத்தரையும் படியிலயே மறிச்சுச் சொல்லி அனுப்பும், அண்ணாச்சி. 'சீட்டக் குடுக்காதீங்க, வாசிச்சுக் காட்டுங்க. கேட்டா எழுத்து புரியாதுன்னு சொல்லுங்க.' ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

அன்றைக்குக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன். அவர் வாழைநாரைச் சுருட்டியபடியே சொன்னார்:

"கண்ணாடிய வீட்ல வச்சுட்டேன்னு நீங்க சொன்னீங்கள்ல, அதை நான் நாப்பது வருசமாச் சொல்றேன் அண்ணாச்சி. எனக்கு ஏது கண்ணாடி? பள்ளிக்கூடமே போகல. ரேசன் கடையில, ஆஸ்பத்திரியில, பேங்குல, எங்க தாளை நீட்டுனாலும் நான் சொல்றது இதத்தேன். வாசிக்கத் தெரியாததை மறைக்கிற மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் ஒன்றும் பேசவில்லை. நாலு மாதம் என் மானத்தைப் படியில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார். அந்த நாலு மாதத்திலும் தண்ணீருக்காக இரண்டு தடவையாவது அவரைத் திட்டியிருப்பேன். திட்டு வாங்கிய கையோடு அடுத்த ஆளை மறித்துச் சொல்லியிருப்பார்.

இதை வெளியே எழுதலாமா என்று முந்தாநாள் அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, நான் என்ன வாசிக்கவா போறேன்" என்றார்.

அத்தோடு விடவில்லை அவர். ஆபரேசனுக்கு முந்தின அந்தச் சாயங்காலமே இன்னொன்றும் கேட்டார்: "ஆளு வேணும்னு போர்டு போட்டீங்களே, என்னாச்சு?"

என்ன ஆனது என்றால், மூன்று மாதம் தொங்கி வெயிலில் வெளுத்ததுதான். 'அனுபவம் உள்ள ஆள் தேவை' என்று எழுதியிருந்தேன். நாட்டு மருந்துக் கடையில் அனுபவம் உள்ளவர்கள் ஒன்று சொந்தக் கடை வைத்திருப்பார்கள், இல்லை என்னைவிட மூத்தவர்களாக இருப்பார்கள். அதற்கு முன்னால் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் ஒன்பது நாள் இருந்துவிட்டு, பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டான். இன்னொருவனுக்குத் தும்மல் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆள் கிடைக்காததில் உள்ளூரச் சந்தோஷம்தான். ஆள் வந்தால் நான் கிழவன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

பூக்காரம்மா ஆள் சொன்னார். அவர் தெருவில் இருக்கிற பெண். பிளஸ் டூ படித்தவர், முப்பத்தைந்து முப்பத்தாறு வயது இருக்கும். பெரிய துணிக்கடை ஒன்றில் எட்டு வருடம் சேலைப் பிரிவில் நின்றவர். நின்றவர் என்றால் நின்றவர்தான். குதிகால் வலி தாங்காமல் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். "மருந்தைப் பத்தி ஒண்ணுந் தெரியாது. ஆனா பொய் சொல்லாது" என்றார் பூக்காரம்மா. சிபாரிசு அவ்வளவுதான்.

நான் சரி சொன்னது அப்போது இல்லை. கண் ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருந்தபோது. அரவிந்த் ஆஸ்பத்திரியை மதுரைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. அவர் கைவிரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போனவை என்பதும், அந்த விரல்களாலேயே ஆபரேசன் செய்தார் என்பதும் என் தலைமுறைக்குத் தெரியும். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், 58-இல் ஒருவர் தொடங்கியிருக்கிறார், நான் 71-இல் மூடுவதா என்று. ஆனால் எதிரே நடந்துகொண்டிருந்தது வேறு. பார்வை சோதிப்பது, பிரஷர் பார்ப்பது, சொட்டு விடுவது, பயந்தவர்களைக் கைபிடித்து உட்கார வைப்பது எல்லாம் சின்னப் பெண்கள். பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். பள்ளிப்படிப்பு முடித்து வந்தவர்களுக்கு அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். டாக்டர் தான் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் செய்கிறார். அனுபவம் உள்ள ஆளுக்காகப் போர்டு மாட்டிவிட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. இத்தனை வருடம் கடையில் எல்லாமே நான் மட்டும் செய்யக்கூடியது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! சுக்குத் தட்டுவதிலிருந்து நூல்கண்டு மாட்டுவது வரைக்கும்.

சொட்டு விட வந்த சிஸ்டர், "ஏன் தாத்தா அழுறீங்க, வலிக்கவே வலிக்காது" என்றார். மருந்து எரியுதும்மா என்று சொல்லிவிட்டேன். இன்னொரு பொய்.

வலது கண் முதலில், மூன்று வாரம் கழித்து இடது கண். தூசிக்குள் போகக் கூடாது என்று கட்டளை. எங்கள் கடையோ தூசியை விற்கிற கடை. அதனால் பாடம் என் வீட்டுத் திண்ணையில் நடந்தது. அந்தப் பெண் சாவியை வாங்கிக்கொண்டு போய், தினம் ஒரு வரிசை, 12 சாமான், தனித்தனியாக மடித்துக் கொண்டுவருவார். நான் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து விரலால் தடவி, கொஞ்சம் தள்ளி வைத்து மோந்து, பேர் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். அடுத்த நாள் அவர் கண்ணை மூடச் சொல்லி நான் கேட்பேன். ஏழாம் நாள் சித்தரத்தையையும் பேரரத்தையையும் கையில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "இது மெலிசா இருக்கு, காரமும் தூக்கலா இருக்கு, இதுதான் சித்தரத்தை ஐயா" என்றார். எனக்கு அது வர ஒரு வருடம் ஆயிற்று. என் மாமா பிரம்பால் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்.

ஓமப் பாடத்தன்று மட்டும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் குரோசாணி ஓமத்தை எதுக்கு ஐயா ஓமத்துக்குக் கீழ் வரிசையிலேயே வச்சிருக்கீங்க?" பேர் ஒன்றாக இருப்பதால் மாமா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. இப்போது குரோசாணி ஓமம், நேர்வாளம், சேராங்கொட்டை என்ற விஷச் சரக்கு மூன்றும் பூட்டுப் போட்ட தனிப் பெட்டியில் இருக்கின்றன. இழுப்பறைகளில் ஒரு விரல் நீளத்துக்குப் பேர் எழுதி ஒட்டியாயிற்று. பூக்காரம்மா அந்தப் பெரிய எழுத்துகளைப் படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன நினைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

பொட்டலம் கட்டத்தான் அந்தப் பெண்ணுக்கு இன்னும் வரவில்லை. தாளைக் கூம்பாகச் சுருட்டி, வாயை மடித்து, மேலே தொங்கும் நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி விரலால் அறுக்க வேண்டும். அவர் சேலை மடிப்பது மாதிரி அழகாக மடிக்கிறார், நடக்கும்போது பிரிந்துவிடுகிறது. நேற்று யாருக்காவது மிளகு வழியெல்லாம் சிந்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். பொட்டலத்தை மூக்கருகே வைத்து "ஓமம்னா மணக்கணுமே" என்று திரும்பிக் கொண்டுவந்து, சத்தம் போடாமல் மேஜைமேல் வைத்த அந்த அப்பத்தாவுக்கு எந்த வார்த்தையும் போதாது. அவர் காலில் விழுந்தாயிற்று, அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை கூட்டிப்போய் மீட்டர் போடாத ஆட்டோத் தம்பி, பாக்கியைக் கேட்காமல் பொறுத்த கீழமாசி வீதி மொத்தக்கடைக்காரர்கள், மூட்டைகளை எலி அண்டாமல் பலகைமேல் ஏற்றிவைத்த லோடுமேன்கள், கடையை மூடச் சொல்லாமல் சம்பளத்தில் பாதி தருகிறேன் என்ற என் மகன் (வாங்கமாட்டேன், ஆனாலும் சொன்னான்), எல்லாருக்கும் நன்றி.

ஒன்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன், நீங்கள் சாட்சி. கல்லாப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். நேற்று முழுக்க அந்தப் பெண் அதில் உட்காரவில்லை. ஆள் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயாமல் நின்றார். ஏனம்மா என்றால், பழகிருச்சு ஐயா என்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டசபையிலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்து என்ன, எட்டு வருடம் நின்ற காலுக்கு உட்கார மறந்துபோயிருக்கிறது. மாமா கடையில் நானும் அப்படி நின்றவன்தான். இனி அவர் உட்காராமல் நானும் உட்காருவதில்லை. இன்று காலை பத்தரை மணிவரை இரண்டு பேரும் நின்றோம். பிறகு அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். இழுப்பறைகளுக்கு எதிர்ச்சுவர் பச்சை என்று நினைத்திருந்தேன். நீலமாம். வெள்ளையடித்தவர் மாற்றிவிட்டார் என்று கோபப்பட்டேன்; அந்தச் சுவரை அவர் தொடவே இல்லையாம்.

பூக்காரம்மாவுக்கு: இடது பக்கப் படி இனி உங்களுடையது. தண்ணீர் தெளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். வாசலில் சாக்கு ஒன்று விரித்துக்கொள்கிறேன். ஆனால் வாழைநாரை வழியில் போடாதீர்கள். அதற்கு இன்னமும் கத்தத்தான் செய்வேன். இந்தப் பத்தியை வெற்றிலைக்கடைத் தம்பி உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

கடை காலை 9 முதல் 1 வரை, மாலை 4 முதல் 8 வரை. ஞாயிறு விடுமுறை. சீட்டை இனித் தாராளமாக நீட்டலாம். வாசித்துக் காட்டினாலும் கேட்டுக்கொள்வேன்.