பல் முகாம்: பிரஷ் கொடுத்துவிட்டுப் போனால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளில் இலவசப் பல் மருத்துவ முகாம் நடந்த செய்தியும் படமும் உங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. சாந்திக் கல்யாணம் என்கிற அறுபதாம் கல்யாணம், பெற்றவர்கள் நினைவு நாள், கோயில் திருவிழா என்று ஊருக்கு வருகிறவர்கள் மனசாரச் செலவு செய்கிறார்கள். பணம் போய்ச் சேரும் இடத்தில்தான் எங்களுக்கு வருத்தம். பந்தல், பேனர், சாப்பாடு போக மிச்சத்தில் ஆளுக்கொரு பிரஷ். 'நாலு சொத்தை, பல் டாக்டரைப் பார்க்கவும்' என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே நைந்துபோகும். அதே பணத்தை ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாலே நாலு பற்களுக்குச் செலவிடலாம்.

எந்த நாலு? ஆறு வயதுவாக்கில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் வீட்டில் கவனிக்க மாட்டார்கள். கவனித்தாலும், 'பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுவார்கள். இது போனால் போனதுதான். இதன் மேல்பரப்பில் ஓடும் பள்ளங்கள் பல இடங்களில் பிரஷ் நாரைவிட ஒடுக்கமானவை. போதாக்குறைக்கு, முழுசாக மேலே வர மாதக் கணக்காகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். வரிசையோடு இழுக்காமல், கன்னத்துப் பக்கமிருந்து பிரஷ்ஷைக் குறுக்கே கொடுத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேய்க்க வேண்டும். இதைப் பிள்ளையால் செய்ய முடியாது, தாயார்தான் செய்ய வேண்டும். முகாமில் மைக் பிடித்துப் பேசுவதாக இருந்தால் இந்த ஒன்றைப் பெற்றோருக்குக் கண்ணாடியில் காட்டிச் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

பள்ளங்களை மூடிவிடுவது அதைவிட உறுதி. இதற்குத் துளை போடும் கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம், பள்ளித் தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் போதும். பள்ளத்தில் வைத்தால் பல்லோடு ஒட்டி இறுகும் பொருள், கிளாஸ் அயனோமர் சிமெண்ட் என்று பல் மருத்துவப் பொருள் கடையில் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல்லைப் பிரஷ்ஷாலும் ஈரப் பஞ்சாலும் துடைத்து, இருபுறமும் பஞ்சுச் சுருள் வைத்து, சிமெண்ட் ஒட்டுவதற்குப் பல்லைத் தயார் செய்யும் திரவத்தைப் பத்துப் பதினைந்து விநாடி தடவி, ஈரப் பஞ்சால் இரண்டு மூன்று முறை கழுவி, உலர்ந்த பஞ்சால் துடைக்க வேண்டும். பிறகு சிமெண்டைக் குழைத்துப் பள்ளத்தில் வைத்து, வாஸ்லின் தடவிய விரலால் இறுகும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் குழைப்பதில்தான். பல தயாரிப்புகளில் ஒரு மட்டக் கரண்டிப் பொடிக்கு ஒரு சொட்டுத் திரவம். பொடியை மிச்சம் பிடிக்கிறோம் என்று தண்ணியாகக் குழைத்தால் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். பளபளப்பு இருக்கும்போதே பல்லில் வைத்துவிட வேண்டும். மங்கிவிட்டால் ஒட்டாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் குழைக்க வேண்டியதுதான். சித்திரை வெயிலில் காரைக்குடித் தாழ்வாரத்தில் அது மங்க அதிக நேரம் ஆகாது. குழைக்கும் கண்ணாடித் தட்டை ஐஸ் பெட்டியில் வைத்தெடுத்து, ஈரம் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். எச்சில் பட்ட பல்லை மறுபடி கழுவிக் காயவைக்காமல் சிமெண்ட் வைப்பது இன்னொரு பெரிய தவறு. வரிசையில் நூறு பிள்ளைகள் நிற்கும்போது இந்த அவசரம் வரும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஐந்நூறு பேர் பயனடைந்தனர்' என்று பேப்பரில் வராவிட்டால் குடி முழுகிவிடாது.

ஏற்கெனவே சொத்தையான பால்பல்லுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்து இருக்கிறது. உதட்டில் வாஸ்லின் தடவி, பல்லைக் காயவைத்து, சிறு தூரிகையால் ஒரு நிமிடம் தேய்த்தால் பல சொத்தைகள் அதோடு நின்றுவிடும். ஆறு மாதத்தில் மறுபடி தடவ வேண்டும். சொத்தை உள்ள இடம் கன்னங்கரேல் என்று ஆகி அப்படியே நிற்கும். தோலில் பட்டால் சில நாளில் போய்விடும், யூனிஃபார்மில் பட்டால் போகாது. ஆகவே கறுத்த பல்லின் படத்தைப் பெற்றோருக்குக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் தொட வேண்டும். இராத்திரியில் வலிக்கும் பல், ஈறில் சீழ்க் கொப்புளம் வந்த பல் இவற்றுக்கு இது உதவாது.

பிரஷ் கொடுக்கும் புரவலர்களுக்குச் சின்னக் கணக்கு ஒன்று. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட், சுமார் கால் கிராம். காலையும் இரவும் தேய்த்தால் வருஷத்துக்கு 180 கிராம் சொச்சம். ஆக, 200 கிராம் பேஸ்ட் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் வரும். பிரஷ்ஷோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள். பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் மருந்தான ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவில் இருக்கிறதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு பேஸ்ட் போதும்.

போர்த் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தால் ஃபுளோரைடு அளவு தெரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5 தாண்டினால் ஆகாது. எட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்த பிள்ளையின் நிரந்தரப் பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகவும் பழுப்பாகவும் கறை விழும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். வளவு முற்றத்தில் வழியும் மழைநீரை அண்டாவில் பிடித்துக் குடித்த வீடுகளுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை.

பலகாரத்தைக் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை, செட்டிநாட்டில் அது எடுபடவும் செய்யாது. கும்மாயமோ மணகோலமோ, சாப்பாட்டோடு ஒரே வேளையில் தின்றால் பாதிப்பு குறைவு. டப்பாவைத் திறந்து திறந்து நாள் முழுக்கக் கொறித்தால், ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஏறி அடங்க அரை மணிக்கு மேல் ஆகும்.

முகாமில் பல் பிடுங்குவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறோம். ஊசி, இரத்தப் பஞ்சு, பல் எல்லாம் கடைசியில் பள்ளிச் சுவருக்குப் பின்னால் கொளுத்தப்படுகின்றன. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவ முகாம்களுக்கும் பொருந்தும். பஞ்சும் பல்லும் மஞ்சள் பையில், கையுறையும் உறிஞ்சு குழாயும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளை டப்பாவில், மருந்துக் கண்ணாடிக் குழல் நீலத்தில் சேர்த்து, 48 மணி நேரத்துக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலைய வண்டியில் ஏற்ற வேண்டும். வெள்ளி அடைத்த பல்லை மட்டும் மஞ்சளில் போடக் கூடாது. அந்த அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். மஞ்சள் பை போய்ச் சேரும் சூளையில் எரித்தால் ஆவியாகக் கிளம்பும். காற்றுப் புகாத பாட்டிலில் தனியே சேர்க்க வேண்டும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. 2034-க்குள் பாதரச அடைப்பை அடியோடு கைவிடுவதென 2025 நவம்பரில் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அதற்காக, வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பை யாரும் பயந்து நோண்டி எடுக்க வேண்டாம். எடுக்கும்போதுதான் ஆவி அதிகம்.

பெரியவர்களுக்கு முகாம் வைத்தால் பாக்கு, புகையிலை போடுகிறவர்களின் வாயைப் பாருங்கள். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. வாய் இறுகி, மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி உள்ளே நுழைக்க முடியாத ஆளை அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு எழுதிவிடுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு முறை, டிசம்பரில் அதே பிள்ளைகளுக்கு மறுமுறை என இரண்டு தேதியையும் சேர்த்தே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியலில் ஒரு பிரதி, ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வரும் அரசின் நடமாடும் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சீட்டைப் பிள்ளையின் பையில் போடுவதற்குப் பதில், போய்வர ஒரு வேன் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பல் பிழைக்கும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.